உங்கள் அப்பாவின் கப்பல் சுட்ட கரை

இன்று காலை உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்லருக்கு, நிலவறைக்கு, இறங்கியவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் கட்டடத்தின் பதுங்குகுழி அறைக்கு ஒரு பெரிய இரும்புக் கதவு இருக்கிறதே, அதற்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்வார்ட் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மணம் படிக்கட்டு முழுக்க ஏறியிருந்தது. கதவு காயும்வரை பக்கத்தில் வரவேண்டாம் என்று அவர் சொன்னார். தலையாட்டினேன், ஆனால் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்று மூச்சை இழுத்து, "இதுதான் எங்கட அப்பான்ர மணம்" என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் ஜெர்மனில் அந்த மனிதருக்கு அதை விளங்கப்படுத்தவும் தொடங்கியிருப்பீர்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

உடுப்பைத் தோய்க்காமலே மேலே வந்து இதை எழுதத் தொடங்கினேன். உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. சில வாரங்களாக என்னை ஓரிடத்தில் இருக்க விடாத செய்தி. நேராக அதைச் சொல்ல வரவில்லை. சுற்றித்தான் வர முடிகிறது.

உங்கள் அப்பாவை நான் கண்டதில்லை. நாங்கள் கலியாணம் கட்டியபோது அவர் காலமாகிப் பல வருடம். ஆனாலும் அவர் வேலை செய்த கப்பலைப் பற்றி, என் சொந்தத் தகப்பனைப் பற்றித் தெரிந்ததைவிட எனக்குக் கூடத் தெரியும். இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயரின் நாசகாரிக் கப்பல் ஒன்றில், அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற ஸ்டூவர்ட்டாக ஏறியவர் அவர். மீசை சரியாக முளைக்காத வயது. சண்டை முடிந்தபிறகு துறைமுகத்திலேயே பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போனார். நகக்கண்ணில் இருந்த சாம்பல் நிறம் கடைசிவரை போகவில்லை என்பீர்கள்.

கப்பலைப் பற்றி அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான். நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிப்போக, தண்ணீரில் கிடந்தவர்களை இவருடைய கப்பல் அள்ளி ஏற்றியது. முகமெல்லாம் எண்ணெய் அப்பியிருந்த அந்த மனிதர்களுக்கு இவர் கம்பளி போர்த்தி, சூடாகக் கொக்கோ குடிக்கக் கொடுத்தார். "எங்கட கப்பல் ஆக்களைக் காப்பாத்தின கப்பல்" என்று முடிப்பாராம். அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே நீங்களும் மாலாவும் வளர்ந்தீர்கள்.

மாலா உங்களுக்கு இருந்த ஒரே சகோதரம். வன்னியில் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள், அவர் நோயில் போனபிறகும் இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டாள். 2009ஆம் ஆண்டு பிறந்தபோது அவர்கள் வீட்டை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் வேறொரு ஊரின் பெயர் சொல்லுவாள். அந்தப் பெயர்கள் எல்லாம் கிழக்கே, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் எங்கள் ஊர் டீட்டிகோனில் களஞ்சியத்தில் காலை ஷிக்ட் வேலையை முடித்துவிட்டு, வேலைச் சப்பாத்தோடேயே சூரிச்சுக்கும் பேர்னுக்கும், சண்டையை நிறுத்தக் கேட்ட ஊர்வலங்களுக்குப் போனீர்கள். நானும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் லீவு கேட்டுக்கொண்டு வந்தேன். பதாகையைப் பிடித்தபடி நின்ற நேரத்தில்தான் அவளுடைய கடைசி அழைப்பு வந்தது. ஆரோ ஒருவரின் தொலைபேசியில் இருந்து எடுத்திருந்தாள். இரைச்சலுக்குள் நீங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குனிந்தீர்கள்.

"அண்ணா, கடல் பக்கமிருந்தும் செல் அடிக்கிறாங்கள். நாங்கள் கரையிலதான் நிக்கிறம்."

"பிள்ளையள் எங்க? பிள்ளையள் பக்கத்திலயோ?"

அவள் பதில் சொல்லத் தொடங்கியது எனக்கே கேட்டது. என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. அதோடு தொடர்பு அறுந்தது.

மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று செய்தி சொன்னது. உங்களுக்கு அன்றுதான் தொடங்கியது. நீங்கள் அழுவதை நான் காணவில்லை. சாப்பிட இருந்தால் பாதியில் எழும்புவீர்கள். ரயிலில் இடம் இருந்தாலும் கதவடியில் நிற்பீர்கள். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் வராமல் லிம்மாட் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே இருப்பீர்கள். முகாம்களில் இருந்து வெளியே வந்தவர்களின் இலக்கங்களைத் தேடிப்பிடித்து எடுத்தீர்கள். ஒருவர், மாலாவைக் கடைசி நாட்களில் கடற்கரையில் ஒரு கூடாரத்தடியில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், அதற்கு முந்தியே அவள் பிள்ளைகளோடு ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தபோது செல் விழுந்தது என்றார். காணாமற்போனவர்களைத் தேடுகிற அலுவலகங்களுக்கும் எழுதினீர்கள். மரியாதையான பதில்கள் வந்தன. ஒன்றிலும் மாலா இல்லை.

அந்த நாட்களில்தான் நீங்கள் கணினியில் அப்பாவின் கப்பலைத் தேடியிருக்கிறீர்கள். ஏன் தேடினீர்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்தக் கப்பலில் வேலை செய்த மாலுமிகள் சங்கம் வைத்து, இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தார்கள். கப்பல் கட்டப்பட்டதில் இருந்து இரும்புக்கு உடைக்கப்பட்டது வரைக்கும் அதன் சேவை வரலாறு முழுவதும் அதில் இருந்தது. எந்த மாதம் எந்தத் துறைமுகம், எந்தச் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது, எங்கே பழுது பார்த்தார்கள், எந்தப் புயலில் அதன் படகு உடைந்தது, எல்லாம். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். காப்பாற்றப்பட்ட மாலுமிகளின் கதையும் அதில் இருந்தது. அப்பா சொன்னது உண்மைதான் என்று உங்கள் முகம் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வெளித்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கடலில இருந்து சுட்டதும் ஒரு கப்பல்தானே. பிறகு உங்களுக்கு ஏன் இந்தக் கப்பலில இவ்வளவு ஆசை?"

நீங்கள் கோபப்படவில்லை. "ஆசை இல்லையப்பா. இஞ்சை பாரும். அறுபது வருசத்துக்கு முந்தி இந்தக் கப்பல் எந்த நாள் எங்க நிண்டது எண்டு இவங்களுக்குத் தெரியும். கப்பலில தேயிலை முடிஞ்ச நாள் கூட எழுதியிருக்கு. மாலாக்கு என்ன நடந்தது எண்டு உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. நான் எதையாவது முழுசா வாசிக்க வேணும். அவ்வளவுதான்" என்றீர்கள்.

அதற்குப்பிறகு நான் தடுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் இருந்து நீங்கள் வந்து சமையலறை வாசலில் நின்றீர்கள். முகத்தைப் பார்த்ததும் மாலாவைப் பற்றி ஏதோ வந்துவிட்டது என்று கத்தியை வைத்துவிட்டேன். அது மாலா இல்லை. கப்பலின் வரலாற்றில் இரண்டு வரி. பர்மாவின் மேற்குக் கரையில், ஓர் ஆற்றுமுகத்துக்குத் தெற்கே இருந்த கிராமத்தின்மீது கப்பல் சுட்டது. சேதமில்லை, உயிரிழப்பு இல்லை.

"ஆருக்குச் சேதமில்லை?" என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டதுபோல இருக்கவில்லை.

"கப்பலுக்குத்தானே" என்றேன்.

"ஓம். கப்பலுக்கு. கரையில ஆர் நிண்டது எண்டு ஒரு சொல் இல்லை. அப்பா அந்த நேரம் கப்பலில இருந்தவர். எங்களுக்கு ஒரு நாளும் சொல்லேல்லை."

சண்டை நேரத்தில் சமையற்காரரும் ஸ்டூவர்ட்மாரும் கீழே வெடிமருந்து அறைக்குப் போய்க் குண்டுகளைக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டும் என்பதை நீங்கள் அந்தப் பக்கத்திலேயே வாசித்திருந்தீர்கள். அப்பாவின் கைகளைப் பற்றி அன்றைக்குப் பிறகு நீங்கள் கதைக்கவே இல்லை.

சங்கத்துக்கு எழுதினீர்கள். அந்தக் கிராமத்தின் பெயர் என்ன, அங்கே ஆட்கள் இருந்தார்களா, எத்தனை பேர் செத்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஒரு மாலுமியின் மகள். தங்களுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று வருத்தத்தோடு பதில் போட்டார். ஆனால் கப்பலின் பழைய ஆட்களில் ஒருவர் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இருக்கிறார், ஃப்ரிபூர்க் பக்கம், மகளோடு, அவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்றும் கேட்டிருந்தார். கடலே இல்லாத நாட்டில் உங்கள் அப்பாவின் கப்பலில் இருந்த ஒருவர், ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறார்.

நாங்கள் போனது மாலாவின் அழைப்புக்கு இரண்டு வருடம் கழித்து, இலையுதிர்காலத்தில். ஃப்ரிபூர்க்கில் இறங்கி பஸ் பிடித்து, ஒரு மேட்டு ஊரில் இறங்கினோம். வழிமுழுக்க நீங்கள் இடம் மாறி மாறி இருந்தீர்கள். பஸ்ஸிலும் இரண்டு தரம் எழும்பினீர்கள். "உங்களுக்கு என்ன வேணும் அவரிட்ட இருந்து?" என்று கேட்டேன். "தெரியேல்லை. போவம்" என்றீர்கள்.

அவருக்குத் தொண்ணூறுக்குக் கிட்ட வயது. சுவிஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு போர் முடிந்த சில வருடங்களில் இங்கே வந்தவர். மனைவி இல்லை. மகள் பிரெஞ்சில்தான் எங்களை வரவேற்றாள். கேக்கும் கோப்பியும் வைத்தாள். அவர் நீலக் கம்பளிச்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தயாராக இருந்தார். கப்பலில் அவருக்குச் சைகைக் கொடி காட்டுகிற வேலை. மேலே, கப்பல் தலைவருக்குப் பக்கத்தில், தூரக்கண்ணாடியோடு நிற்பவர். முதலில் சிரிக்கச் சிரிக்கக் கதைத்தார். திருகோணமலைக் குரங்குகள், வெயிலில் உரிந்த தோல், மாம்பழம் தின்று வயிற்றோட்டம். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கரையைப் பற்றிக் கேட்டீர்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். வயதானவர்கள் ஞாபகம் வராமல் பேசாமல் இருப்பதும், ஞாபகம் வந்து பேசாமல் இருப்பதும் எனக்குப் பிரித்துத் தெரியும். அவருக்கு ஞாபகம் வந்திருந்தது.

"அங்கே எதிரியின் களஞ்சியம் இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார்கள்" என்றார், மெதுவான ஆங்கிலத்தில். "நான் கண்ணாடியில் பார்த்தேன். அடுப்புப் புகை. காயப்போட்ட வலைகள். ஒருவர் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மூட்டையா, குழந்தையா, எனக்குத் தெரியாது. அதிகாரியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு சுட்டோம்."

மகள் கதவோரத்தில் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் விளங்கியது. அவள் இதை முதல்முறையாகக் கேட்கிறாள் என்பது தெரிந்தது.

அவர் முடிக்கவில்லை. "சுட்டு முடிந்து கப்பல் திரும்பியபோது உங்கள் ஊர்ப் பையன்களில் ஒருவன் கீழேயிருந்து மேலே வந்தான். வியர்வையில் நனைந்திருந்தான். அவர்களுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான். அவன் என்னைக் கேட்டான், கரையில் என்ன இருந்தது சேர் என்று. மரங்கள், வெறும் மரங்கள் என்று சொன்னேன். அவன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டுப் போனான்."

நீங்கள் உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னீர்கள். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். திருகோணமலையில் இருந்து ஏறியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அது எவர் என்று தன்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது என்றார். "வருடா வருடம் நாங்கள் கூடினோம். புயலைப் பற்றிக் கதைப்போம், காவல் போனதைப் பற்றிக் கதைப்போம். இதை ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பையனுக்குப் பிறகு நீங்கள்தான் கேட்கிறீர்கள்."

பிறகு அவர் உங்களிடம் கேட்டார், ஏன் இது உங்களுக்குத் தெரியவேண்டும் என்று. நீங்கள் மாலாவைப் பற்றிச் சொன்னீர்கள். ஊர்வலம், தொலைபேசி, கடல் பக்கமிருந்து வந்த செல். வேறொரு மொழியில் சொன்னதாலோ என்னவோ, இடையில் நிற்காமல் சொல்லி முடித்தீர்கள். அவர் பிள்ளைகளின் வயதைக் கேட்டார். சொன்னீர்கள். அவர் கையை நீட்டி உங்கள் மணிக்கட்டைப் பிடித்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்கக்கூடிய மன்னிப்பு எங்களுக்கு உரியதும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். நீங்களும் எழும்பவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு கதிரையில் அவ்வளவு நேரம் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

திரும்பி வருகிற ரயிலில் நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "அது அப்பாவாத்தான் இருக்க வேணும்."

"அவருக்கே நிச்சயமில்லையே."

"ஓம். அப்பா இல்லாட்டி இன்னொரு தகப்பன். ஆரோ ஒருத்தர் மேல ஏறி வந்து கேட்டிருக்கிறார். எனக்கு அது போதும்." பேர்ன் தாண்டுவதற்கு முதலே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப்போனீர்கள்.

நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கிழமையே கணினிக்கு முன்னால் இருந்தீர்கள். அந்த இரண்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கவேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினீர்கள். அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்ததாம். செத்துப்போன மாலுமிகளின் பிள்ளைகள் சிலர், எங்கள் தகப்பன்மாரைக் கொலைகாரர் ஆக்கவேண்டாம் என்று எழுதினார்கள். நீங்கள் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டீர்கள். "என்ர அப்பாவும்தான் குண்டைத் தூக்கிக் குடுத்தவர் எண்டு எழுதியிருக்கிறன்" என்று எனக்குச் சொன்னீர்கள். கடைசியில் ஃப்ரிபூர்க் கிழவரே சங்கத்தைக் கூப்பிட்டு, தான் கண்டதைத் தன் வாயால் சொன்னார். அதற்குப்பிறகுதான் சேர்த்தார்கள். கரையில் மக்கள் இருந்ததைக் கப்பலின் சைகையாளர் கண்டார். அவ்வளவுதான் வரி.

அவர் அடுத்த பனிக்காலம் போய்ச் சேர்ந்தார். நீங்கள் அவருக்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். அந்த மூன்று வருடமும் மாலாவுக்காகத் தொலைபேசி எடுத்தீர்கள். வின்டர்தூரில் புதிதாக வந்த ஒருவருக்கு ஏதோ தெரியுமாம் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்க்க வெளிக்கிட்ட காலையில்தான் உங்கள் நெஞ்சு நின்றது. காரியங்கள் முடிந்தபிறகு அந்த மனிதரிடம் நானே போனேன். அவருக்குத் தெரிந்தது வேறொரு மாலா.

இனிச் செய்தி. போன வருடம் சங்கச் செயலாளர் எழுதினார். கப்பலில் இருந்தவர்களில் இனி ஒருவரும் உயிரோடு இல்லை, தனக்கும் ஏலாது, ஆரும் பொறுப்பெடுக்காவிட்டால் பக்கத்தை மூடிவிடப்போவதாக. அந்தக் கப்பலை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. உங்களுக்குத் தெரியும். ஆனால் பக்கம் மூடினால் உங்கள் வரியும் போய்விடும். என் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், நான் எடுக்கிறேன் என்று எழுதினேன். இப்போது உங்கள் அப்பாவின் கப்பலை டீட்டிகோனில் ஒரு சமையற்காரி வைத்திருக்கிறாள்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மலேசியாவில் வேலை செய்கிற ஒருவர். பர்மாவின் அந்தக் கரையைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டியின் அம்மா, போர்க்காலத்தில் கப்பல் சுட்டதில் கடற்கரையில் செத்தாராம். எந்தக் கப்பல் என்று அவர்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தேடிக்கொண்டு வந்தபோது உங்கள் வரி அகப்பட்டிருக்கிறது. அந்தச் சைகையாளர் என்ன கண்டார், தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். பாட்டி அப்போது கைக்குழந்தை என்றும், அம்மாவின் கையில் இருந்து உயிரோடு எடுத்தார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறாராம்.

நான் பதில் எழுதாமல் பல நாள் திரிந்தேன். சமையலறையில் உப்பை இரண்டு தரம் போட்டேன். அது அதே கரையோ, வேறு கரையோ, ஆருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எத்தனை கப்பல், எத்தனை கிராமம். ஓடியவர் அணைத்திருந்தது மூட்டையாகவும் இருக்கலாம். ஒரு முதிய பெண்ணுக்கு இந்த வயதில் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? விவரம் ஒன்றும் தெரியாது என்று எழுதிவிடலாம். மரியாதையான பதில்தான். அந்த மாதிரிப் பதில்கள் எங்கள் வீட்டு அலுமாரியில் எத்தனை கிடக்கின்றன.

கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். அடுப்புப் புகை, வலைகள், ஓடிய ஆள், நெஞ்சோடு அணைத்திருந்தது. அது என்னவென்று சைகையாளருக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதினேன். இதே கரைதான் என்று என்னால் சொல்ல முடியாது என்பதையும் எழுதினேன். என் மாமனார் அந்தக் கப்பலில் குண்டு தூக்கியவர்களில் ஒருவர் என்பதை ஒளிக்கவில்லை. மாலாவைப் பற்றி எழுதவில்லை. அது அவர்கள் கேட்ட கேள்வி இல்லை.

இன்னும் பதில் வரவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தொலைபேசியைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பேரன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாரோ, அவர் என்ன சொன்னாரோ. கேட்ட ஒருவருக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பியாயிற்று. எங்களுக்கும் மாலாவைப் பற்றி எங்கேயோ ஒருவர் அப்படி உட்கார்ந்து எழுதுவார் என்று, நீங்கள் விட்ட இடத்தில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.